ஆப்ஸ்ட்ராக்ட் என்றால் சுருக்கம் அல்ல

"சுருக்கமான கருத்துகளைப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்தவன் மனிதன்." ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் இப்படி இருந்தது. ஆங்கிலத்தில் ஆப்ஸ்ட்ராக்ட் (abstract) என்பதைத்தான் சுருக்கம் ஆக்கியிருக்கிறார்கள். இந்தப் பிழையைப் பார்ப்பது இது முதல் முறையும் அல்ல. நீதி, கடன், வாக்குறுதி இவையெல்லாம் சுருக்கமான கருத்துகளா? நீதியைப் பற்றி விடிய விடியப் பேசலாமே!

ஆப்ஸ்ட்ராக்ட் இலத்தீன் வழி வந்த சொல். 'விலக்கி இழுத்தல்' என்பது வேர்ப்பொருள். ஓர் ஆய்வுக் கட்டுரையின் சாரத்தை இழுத்தெடுத்தால் அது சுருக்கம். பல பொருள்களுக்குப் பொதுவானதை மனம் பிரித்தெடுத்தால் அது வேறு. என் பேத்தி புளியங்கொட்டை வைத்துக் கூட்டல் படித்தாள். ஐந்தும் மூன்றும் எட்டு. ஒருநாள் கொட்டைகளை ஒதுக்கிவிட்டு, "இட்லியா இருந்தாலும் எட்டுதானே தாத்தா?" என்றாள். கொட்டையையும் இட்லியையும் விட்டுவிட்டு எட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதுதான் ஆப்ஸ்ட்ராக்ட்.

சுருக்கத்தை விட்டால் அருவம் என்கிறார்கள். தமிழ் நன்கறிந்தவர்களே சொல்வதால் எனக்கு வருத்தம் அதிகம். அருவம் என்றால் உருவமில்லாதது. காற்றுக்கும் கண்ணுக்குத் தெரியும் உருவமில்லை, அதற்காக அது கருத்தாகிவிடுமா? வட்டத்துக்கு உருவம் உண்டு. ஆனால் தட்டு, வளையல், முழுநிலா எல்லாவற்றிலிருந்தும் மனம் பிரித்தெடுத்த வட்டம் ஆப்ஸ்ட்ராக்ட்தான். அதை எப்படி அருவம் என்பது? சைவ சித்தாந்தம் இறைவனின் நிலைகளை அருவம், உருவம், அருவுருவம் என்று பிரிக்கிறது, சிவலிங்கம் அருவுருவம். அங்கே அவ்வளவு துல்லியமாக நிற்கும் சொல்லை இங்கே கொண்டுவந்து குழப்ப வேண்டாம். கருத்தியல் என்பாரும் உண்டு. அதை ஐடியாலஜி என்ற பொருளில் அரசியலுக்குக் கொடுத்து வெகுகாலம் ஆயிற்று.

நான் எழுதுவது நுண்பொருள்.

"எண்பொருள வாகச் செலச்சொல்லித் தான்பிறர்வாய்
நுண்பொருள் காண்ப தறிவு" (குறள் 424)

கேட்பவர் மனத்தில் எளிதாக இறங்கும்படி சொல்வது, பிறர் பேச்சிலுள்ள நுட்பத்தைத் தான் பிடித்துக்கொள்வது. கருத்துப் பகிர்வின் இரு பக்கமும் ஒரே குறளில் இருக்கின்றன. நுண் என்றால் சிறியது, நுண்ணுயிர் போல, என்று மறுக்கிறார்கள். நுண்ணறிவு சின்ன அறிவா? நுண்கலை சின்னக் கலையா?

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டாமல், எழுதிய வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். "நுண்பொருள்களைப் பிறருக்குச் சொல்லிப் புரியவைக்கத் தெரிந்தவன் மனிதன்" என்று இருந்திருந்தால் நான் எங்கும் தடுக்காமல் அடுத்த வரிக்குப் போயிருப்பேன்.