ஒளிச்சேர்க்கை: ஒளியைச் சேர்ப்பதா, ஒளியால் சேர்ப்பதா?

பச்சையமுள்ள தாவரங்கள் சூரிய ஒளியில் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு உணவு தயாரிப்பது ஒளிச்சேர்க்கை. பள்ளியில் எல்லோரும் எழுதிய வரையறைதான். சரி, இந்தச் சொல்லில் எது எதோடு சேர்கிறது? மாணவர் சேர்க்கையில் மாணவரைச் சேர்க்கிறோம். மகரந்தச்சேர்க்கையில் மகரந்தம் சூல்முடியில் போய்ச் சேர்கிறது. அதே ஓட்டத்தில் படித்தால், ஒளியைக் கொண்டுபோய் எதிலோ சேர்ப்பது என்றுதான் பொருள் வரும்.

விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மகரந்தச்சேர்க்கையில் மறைந்து நிற்பது ‘ஐ’, அதாவது இரண்டாம் வேற்றுமை. ஒளிச்சேர்க்கையில் மறைந்து நிற்பது ‘ஆல்’. ஒளியால் சேர்த்தல், மூன்றாம் வேற்றுமைத் தொகை. சேர்பவை நீரும் கார்பன் டை ஆக்சைடும், ஒளி கருவி மட்டுமே. புரதச்சேர்க்கை என்றொரு சொல்லும் இருக்கிறதே, அதில் முன்னால் நிற்கும் புரதம் சேரும் பொருளும் இல்லை, கருவியும் இல்லை, கடைசியில் உருவாகி வரும் பொருள்! ஒரே ‘சேர்க்கை’ மூன்று வேலை பார்க்கிறது.

மூலச்சொல் ஃபோட்டோசிந்தசிஸ். கிரேக்கத்தில் ‘ஃபோஸ்’ ஒளி, ‘சின்’ ஒன்றாக, ‘தெசிஸ்’ வைத்தல். கிரேக்கம் என்றதும் ஏதோ பழங்காலச் சொல் என்று தோன்றும், ஆனால் இது 1893இல்தான் பிறந்தது. பச்சைப் பகுதிகள் வெளிச்சத்தில் மட்டும்தான் ஆக்சிஜன் விடுகின்றன என்று டச்சு விஞ்ஞானி யான் இங்கன்ஹவுஸ் 1779இலேயே காட்டிவிட்டார். அதற்கப்புறம் நூறு ஆண்டுக்கும் மேலாக இந்த நிகழ்வுக்குச் சரியான பெயர் இல்லை, ‘அசிமிலேஷன்’, அதாவது தன்வயமாக்கல் என்றே சொல்லி வந்தார்கள். அதில் ஒரு சிக்கல். ஆடு தழையைத் தின்று செரித்துத் தன் தசையாக்கிக்கொள்வதும் தன்வயமாக்கல்தான், செடி தான் செய்த சர்க்கரையை எடுத்துத் தண்டாகவும் வேராகவும் ஆக்கிக்கொள்வதும் தன்வயமாக்கல்தான். உணவைச் செய்வதற்கும் செய்த உணவை உடம்பாக்குவதற்கும் ஒரே பெயர் இருந்தால் எப்படி?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அமெரிக்கத் தாவரவியலாளர் சார்லஸ் ரீட் பார்ன்ஸ் இரண்டு சொற்களை முன்வைத்தார். ஒன்று ஃபோட்டோசிந்தசிஸ், இன்னொன்று ஃபோட்டோசின்டாக்ஸ். அவருக்குப் பிடித்தது இரண்டாவது. சின்டாக்ஸ் என்பது இலக்கணத்தில் வாக்கிய அமைப்பைக் குறிக்கும் அதே சொல். மற்றவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

இலங்கைப் பாடநூல்களில் இது ஒளித்தொகுப்பு. ‘சிந்தசிஸ்’ என்பதற்குத் ‘தொகுப்பு’ நெருக்கமான சொல், சிறு துண்டுகளை ஒன்றாக்கிப் பெரியதைக் கட்டுவது என்ற பொருள் உடனே வந்துவிடுகிறது, மகரந்தத்தோடு குழப்பிக்கொள்ளவும் வழியில்லை. புதிதாகச் சொல் ஆக்கச் சொன்னால் நான் ‘தொகுப்பு’ பக்கம்தான் நிற்பேன். ஆனால் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய ஒளிச்சேர்க்கையைப் பிடுங்கி எறியவும் வேண்டாம், உள்ளே இருக்கும் ‘ஆல்’ தெரிந்தால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், சொல்லின் இரண்டு பாதிகளும் இலைக்குள்ளேயே இரண்டு தனி வேலைகள். முதலில் ஒளி. பச்சையம் ஒளியை ஈர்க்கிறது, அந்த ஆற்றலில் நீர் மூலக்கூறு பிளக்கிறது, ஏடிபி போன்ற ஆற்றல் மூலக்கூறுகள் உருவாகின்றன. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை, இந்த நீரிலிருந்துதான் வருகிறது. ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர் வழக்கமானதைவிடக் கனமான ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்து 1941இல் இதைக் காட்டினார்கள். அடுத்தது சேர்க்கை. கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாகக் கட்டுவது. இதன் படிகளைக் கண்டறிந்ததற்காக மெல்வின் கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டாம் பகுதிக்கு ‘இருள்வினை’ என்று பெயர் வைத்தார்களே, அதுதான் உண்மையில் மோசமான சொல். ஒளி நேரடியாக வேண்டாம் என்பதற்காக வைத்த பெயர், ஆனால் பெரும்பாலான தாவரங்களில் அது பகலில்தான் நடக்கிறது. கால்வின் சுழற்சி என்றே சொல்லிவிடலாம்.

ஒளியே எட்டாத ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை ஆக்சிஜனேற்றி, அதில் கிடைக்கும் ஆற்றலில் உணவு செய்துகொள்கின்றன. அது வேதிச்சேர்க்கை. இங்கேயும் மறைந்திருப்பது ‘ஆல்’.

இன்னொன்று. செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் மட்டும் சுவாசிக்கும் என்று பலர் சொல்கிறார்கள். தவறு. சுவாசம் இரவும் பகலும் நடக்கிறது. செய்து வைத்த சர்க்கரையை உடைத்து, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் துணையோடு ஏடிபி எடுப்பதில் வேப்பமரமும் ஆடும் ஒரே வழியைத்தான் பின்பற்றுகின்றன. பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் கூடுதலாக இருப்பதால் சுவாசத்தில் வரும் கார்பன் டை ஆக்சைடு இலைக்குள்ளேயே செலவாகிவிடுகிறது, அதனால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.