த்ரொட்டிலிங்: நெரிப்பும் அன்று, தணிப்பும் அன்று

மடிக்கணினியில் சற்று நேரம் விளையாடியதும் திரை தட்டுத்தடுமாறுவதற்குக் காரணமாகச் சொல்லப்படும் 'தெர்மல் த்ரொட்டிலிங்' என்பதை 'வெப்ப நெரிப்பு' என்று தமிழாக்கும் வழக்கம் காணொளிகளில் பெருகிவிட்டது. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் திருகோணமலையில் கணினி திருத்தக் கொண்டுவரும் பிள்ளைகளும் அதையே ஒப்பிக்கின்றார்கள்.

ஆங்கில மூலச்சொல் தொண்டையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. குரல்வளையை நெரிப்பதைக் குறித்த அது, பின்னர் நீராவி எந்திரத்தில் ஆவி செல்லும் வழியைக் குறுக்கும் வால்வுக்கும் பெயராயிற்று. எந்திரத்தின் வேகத்துக்கேற்ப அந்த வால்வைத் தானே திறந்து மூடும் வேகச் சீராக்கியை ('கவர்னர்') ஜேம்ஸ் வாட் 1788இல் பொருத்தினார். கணினித்துறை கடன் வாங்கியது இந்த இரண்டாம் பொருளையே.

கணினியின் மூளையான புரொசஸரின் வெப்பநிலை தனக்கு விதிக்கப்பட்ட எல்லையை, பல மடிக்கணினிகளில் ஏறத்தாழ 95 முதல் 100 பாகை செல்சியசை, நெருங்கும்போது அது தன் கடிகார மீடிறனையும் (வினாடிக்கு எத்தனை துடிப்பில் இயங்குகிறது என்பதையும்) வோல்ற்றளவையும் தானே இறக்கிக்கொள்கிறது. செலவாகும் வலு மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் ஏற்ப மாறுவதால், வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தாலே வெப்பம் கணிசமாகக் குறைந்துவிடும். ('செயலி' என்று எழுதியிருப்பேன், கைப்பேசி 'அப்'புக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள்.)

இனி 'வெப்ப நெரிப்பு' என்பதைப் பார்ப்போம். யாரை யார் நெரிக்கிறார்கள்? தொடரைப் படிக்கும் எவருக்கும் வெப்பம் புரொசஸரை நெரிப்பதாகவே தோன்றும். நடப்பதோ புரொசஸர் தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். பெயர் கொலைத்தொழிலாக ஒலிப்பதால், காப்பைப் பகையென்று எண்ணி, அதை முடக்கித் தரும் மென்பொருள்களைத் தேடி நிறுவுகிறார்கள். பழியைச் சொல்லின்மேல் மட்டும் போட முடியாதெனினும், சொல் வழிகாட்டியிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதைத் தவிர்க்க எண்ணிய சிலர் 'வெப்பத் தணிப்பு' என்கிறார்கள். காதுக்கு இனிமைதான், தவறு இன்னும் நுட்பமானது. வெப்பத்தைத் தணிப்பவை விசிறியும், செப்புக் குழாய்களும், புரொசஸருக்கு மேல் பூசும் பசையும் ஆகும். அவற்றால் இயலாதபோது தொடங்குவதற்கும் அவற்றின் பெயரையே வைத்தால், 'வெப்பத் தணிப்பு நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரையை எப்படி விளங்கிக்கொள்வது? அப்படியொரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, விசிறியை நிறுத்த வேண்டுமா என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது.

குறைவது வேகம், காரணம் வெப்பம். ஆகவே 'வெப்பவழி வேகமட்டுப்பாடு' என்பதே என் தெரிவு. 'மட்டு' அளவையும் எல்லையையும் குறிக்கும் பழைய தமிழ்ச்சொல். கம்பனிப் பெயர்களின் ஈற்றில் 'லிமிட்டெட்' என்பதற்கு 'மட்டுப்படுத்தப்பட்டது' என்று எழுதிப் பழகிய நமக்கு அந்நியமும் அன்று. நீளம் என்பவர்கள் 'வேகமட்டு' என்று சுருக்கலாம். தங்கள் ஊரை 'மட்டு' என்று சுருக்கும் மட்டக்களப்பார் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இச்சொல்லை வைத்துச் சொன்னால் அறிவுரையும் தெளிவாகும்: வேகமட்டுப்பாடு தொடங்காதிருக்க, விசிறியிலும் தகடுகளிலும் படிந்த தூசியை அகற்றுங்கள், மெத்தையில் வைக்காமல், காற்று உட்புக அடிப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள், விளையாட்டின் திரைவீதத்தை (திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கையை) வினாடிக்கு 60 என்ற அளவில் நிறுத்துங்கள், விண்டோசின் மின்வலுத் தெரிவுகளில் புரொசஸரின் உச்ச நிலையை 99 வீதமாக்கினால் பெரும்பாலான கணினிகளில் வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டும் 'டேர்போ' பாய்ச்சலும் நின்றுவிடும்.

'மீடிறன்' என்ற சொல்லை நம் பாடநூல்களுக்கு ஆக்கியவர்கள் மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் கண்டு பெயரிட்டார்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். மூடியைத் திறந்து, விசிறி எங்கே இருக்கிறதென்று ஒருமுறை பார்த்திருந்தாலும் 'நெரிப்பு' பிறந்திருக்காது.