வீட்டுக்கு மியூசிக் சர்வர் வாங்குமுன்: மலைநாட்டு வீடுகளில் நான் பார்த்தவை

போன ஒக்டோபரில், இடி மழை ஓய்ந்த ஒரு நாள், கொட்டகலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் துணியில் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டியோடு, இலங்கை மலைநாட்டில் ஹட்டனிலுள்ள என் திருத்தும் கடைக்கு வந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய மியூசிக் சர்வர், அதாவது பாட்டுகளைச் சேமித்து வைத்துப் போடும் பெட்டி. "தம்பி, இதுக்குள்ள எங்க வீட்டுக்காரரோட குரல் இருக்கு. காமன் கூத்துல அவர் பாடினது. எப்படியாவது எடுத்துக் குடுங்க" என்றார். கேசட்டிலிருந்து பாட்டுகளைப் பெட்டிக்கு மாற்றிய கையோடு, இனி எதற்கு என்று கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம்.

மூடியைக் கழற்றினேன். நெட் வயர் செருகும் இடத்தைச் சுற்றிப் பலகை கருகியிருந்தது. மின்னல் கரண்ட் வழியாக வரவில்லை, ரூட்டரிலிருந்து வந்த வயர் வழியாக வந்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க் மட்டும் நன்றாகச் சுற்றியது. தப்பித்தோம் என்று அதைக் கழற்றி என் கொம்பியூட்டரில் மாட்டினால் ஒன்றும் திறக்கவில்லை. அந்தப் பெட்டி, பாட்டுகளைத் தன்னால் மட்டுமே படிக்கக்கூடிய விதத்தில் பூட்டி வைத்திருந்தது. பெட்டி செத்ததும் சாவியும் போய்விட்டது.

இருபது வருடமாக அம்ப்ளிஃபயரும் கேசட் டெக்கும் திருத்துகிற எனக்கு, ஒரு நல்ல டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு "முடியாதும்மா" என்று சொன்ன அந்த நேரம் இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. மியூசிக் சர்வர் என்றால், தனக்குள்ளேயே டிஸ்க் வைத்து, பாட்டுகளைச் சேமித்து, கொம்பியூட்டர் இல்லாமல் நேரே அம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டி. ப்ளூசவுண்ட் வால்ட், பிரென்னன், இன்னுவோஸ் போன்றவற்றில் சீடியைப் போட்டால் தானாகவே நகல் எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரீமர் என்று விற்கப்படுவது வேறு. பெரும்பாலானவற்றில் டிஸ்க்கே இருக்காது. நெட்டிலிருந்தோ வேறொரு டிஸ்க்கிலிருந்தோ பாட்டை இழுத்துத் தரும், அவ்வளவுதான். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மழைக்காலத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைகிறதே என்று ஸ்ட்ரீமரை வாங்கிவிட்டு வருத்தப்படாதீர்கள்.

கடைக்காரர் முதலில் பேசுவது கொள்ளளவைத்தான். 2 டெராபைட், 4 டெராபைட் என்பார். கணக்குப் போடுங்கள். சீடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிந்திருப்பார்கள், ஒவ்வோர் அளவும் 16 பிட், இரண்டு சேனல். அதாவது ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். ஒரு மணித்தியாலச் சீடி 600 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒலி எதையும் இழக்காத ஃபிளாக் வடிவத்தில் சுருக்கினால் ஏறத்தாழ பாதி. 300 சீடி வைத்திருப்பவருக்கு 100 கிகாபைட் அளவில் இடம் போதும். ஆகவே 500 கிகாபைட் எஸ்எஸ்டி உள்ள பெட்டியை எடுத்து, மிச்சக் காசில் ஒரு யூபிஎஸ்ஸும் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வெளி டிஸ்க் ஒன்றும் வாங்குங்கள். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகம் இல்லை, இரவில் இரைச்சலும் இல்லை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வீட்டில் இருப்பது சீடியும் கேசட்டும் என்றால் அந்த எண் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் என் மேசைக்கு வந்த டிஸ்க்குகள் கொஞ்சநஞ்சமல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் பட்டென்று போனால் டிஸ்க்கின் கோப்பு அட்டவணை குழம்பிவிடும். பாட்டு உள்ளேதான் இருக்கும், எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரியாது. பத்து நிமிடம் தாங்கும் சின்ன யூபிஎஸ் இருந்தாலே முறையாக அணைத்துவிடலாம். பெட்டி 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவது என்றால், ரூட்டருக்கு விற்கிற சின்ன டிசி யூபிஎஸ்ஸே போதும். ஆனால் வோல்ட்டும் அம்பியரும் பொருந்துகிறதா என்று அடாப்டரில் அச்சடித்திருப்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இப்படி ஓடும் பெட்டிகளை இதனாலேயே நான் விரும்பிச் சொல்கிறேன்.

மின்னலுக்கு யூபிஎஸ் காவல் இல்லை. நம் பக்கம் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடிக்கும். வானம் கறுத்ததும் பிளக்கைக் கழற்றுகிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, நெட் வயரைக் கழற்றுகிற வழக்கம்தான் இல்லை. இரண்டையும் கழற்றுங்கள். முடிந்தால் வயரே போடாமல் வைஃபையில் ஓட்டுங்கள், பாட்டுக்கு அந்த வேகம் தாராளம். திடீரென்று ஏறும் கரண்டைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வாங்கினால், எர்த் சரியாக உள்ள சுவரில்தான் அது முழுதாக வேலை செய்யும். தோட்டங்களின் பழைய லயத்து வீடுகளில் எர்த் வயர் இழுக்காமலே மூன்று துளை பிளக் பேஸ் பொருத்தியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் "ம்ம்" என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்டால் அதற்கும் சிலவேளை காரணம் இந்த எர்த்தாக இருக்கும்.

இணைக்கும்போது ஒரு சின்ன விஷயம். பழைய அம்ப்ளிஃபயரின் பின்னால் ஃபோனோ என்று எழுதிய துளையில் சர்வரைச் செருகாதீர்கள், அது இசைத்தட்டுக்கானது, ஒலி உடைந்து கேட்கும். ஆக்ஸ் அல்லது சீடி என்று எழுதியதில் செருகுங்கள்.

இனி, பெயர்கள். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சீடியைப் போட்டதும் பாட்டின் பெயரைப் பெட்டி நெட்டிலிருந்து தேடி எடுக்கும். நம் ஊரில் வெளியான பக்திப் பாடல், மெல்லிசைச் சீடிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியல்களில் இல்லை. "டிராக் 1, டிராக் 2" என்றுதான் வரும். கொம்பியூட்டரில் முன்பே பெயர் அடித்து வைத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் அடித்தவற்றில் பல பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினியில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துதான், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டும். சர்வரில் அந்த எழுத்துரு இல்லாததால் பொருளில்லாத ஆங்கிலக் கோர்வையாக நிற்கும். யூனிகோடுக்கு மாற்றியபிறகு ஏற்றுங்கள், மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. யூனிகோடு என்றாலும் சில பெட்டிகளின் சின்னத் திரையில் தமிழ் வெறும் கட்டங்களாக வரும், ஃபோன் செயலியில் சரியாக வரும். ஆகவே கடைக்குப் போகும்போது, தமிழில் பெயரிட்ட நாலு பாட்டை ஒரு பென் டிரைவில் கொண்டுபோய், திரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், காசு கொடுப்பவர் நீங்கள்.

வீட்டில் அதைப் பாவிக்கப்போவது யார் என்பதும் முக்கியம். அம்மாவோ தாத்தாவோ என்றால், ஃபோன் செயலியால் மட்டுமே இயங்கும் பெட்டி மூலையில் தூசி பிடிக்கும். ரிமோட்டோ, திருகுகிற ஒரு குமிழோ இருக்க வேண்டும். விடியக்காலையில் சுப்ரபாதம் போட ஒரே ஒரு பட்டனை ஒதுக்க முடிகிற பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அப்புறம் பூட்டு. ஆசிரியையின் வீட்டில் நடந்தது இதுதான். வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாட்டுகளை அப்படியே வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்க முடியுமா? அந்த நகலைச் சாதாரணக் கொம்பியூட்டர் திறக்குமா? இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். நிறுவனத்தின் நெட் சேவையை நம்பி ஓடும் பெட்டியும் அப்படித்தான். ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த ஸ்க்வீஸ்பொக்ஸ் என்ற பாட்டுக் கருவிகளின் இணையச் சேவையை லொஜிடெக் 2024இல் மூடியது. சொந்த வீட்டிலேயே சர்வர் மென்பொருளை ஓட்டியவர்களுக்குப் பாட்டு நிற்கவில்லை, ஏனென்றால் அந்த மென்பொருள் திறந்த மூலம், அதாவது யாரும் எடுத்துத் திருத்தக்கூடியது, இன்றும் லிரியன் என்ற பெயரில் வளர்கிறது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டர் பலகையில் அதை ஏற்றிக் குறைந்த செலவில் சர்வர் செய்து தந்திருக்கிறேன். வீட்டில் கை வைக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் நல்ல வழி. இல்லையென்றால் ஆயத்தமான பெட்டியே நிம்மதி.

கடையில் செய்து பார்க்க ஒரு சோதனை: பாட்டு ஓடும்போது ரூட்டருக்கு வரும் நெட்டை மட்டும் துண்டிக்கச் சொல்லுங்கள், ரூட்டர் அணையாமல் ஓடட்டும். உள்ளே இருக்கும் பாட்டு தொடர்ந்து ஓட வேண்டும், செயலியில் அடுத்த பாட்டையும் மாற்ற முடிய வேண்டும்.

கேசட்டை மட்டும் எறியாதீர்கள். ஆசிரியையின் நாத்தனார் வீட்டில், மஸ்கெலியாவில், அதே கூத்தின் இன்னொரு பிரதி கிடைத்தது. நாடா ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்த நாடாவை அப்படியே டெக்கில் போட்டால் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும், அதனால் அதற்கென்றே பழைய டெக் ஒன்றை ஒதுக்கினேன். நாடாவை மெல்லச் சுற்றித் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்து, ஒரே ஓட்டத்தில் 24 பிட்டில் பதிந்தேன். தப்பு முழக்கத்துக்கு நடுவே அவர் குரல் எழும்பியதும் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இப்போது அந்தப் பதிவு அவர் வீட்டுச் சர்வரில் ஒன்று, மகனிடம் ஒன்று, என் மேசை இழுப்பறையில் ஒரு டிஸ்க்கில் ஒன்று. கேசட்டைச் சிலிக்கா ஜெல் பையோடு பிஸ்கட் டின்னில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன்.