சிக்னல் வந்தால் இணையம் வந்துவிட்டது என்று யார் சொன்னது?

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. "நீங்க போட்ட லைன்ல நெட் வரலை" என்று ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு. போய்ப் பார்த்தால் ஃபைபரில் ஒரு குறையும் இல்லை, மோடம்தான் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி வைத்திருந்த ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போய் நான்கு மாதமாகிறதாம், பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. பதிவேட்டில் மட்டும் அந்தப் பள்ளி 'இணைக்கப்பட்டது'.

கேபிள் இழுப்பதும் டவர் ஏறுவதும் கஷ்டமான வேலைதான். ஆனால் இத்தனை வருடத்தில் என்னால் அசைக்கவே முடியாதது, சிக்னல் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் இணையமும் சேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கைதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்கைப் பாருங்கள். உலக மக்களில் 92 சதவீதம் பேர் 4ஜி எட்டும் இடத்தில் இருந்தார்கள், இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 68 சதவீதம்தான். இணையத்துக்கு வெளியே நின்ற 260 கோடி பேரில் பெரும்பாலோர் தலைக்குமேல் சிக்னல் ஏற்கெனவே இருந்தது! அந்த 68-கூடத் தாராளமான கணக்கு. கடந்த மூன்று மாதத்தில் ஒருமுறை, யாருடைய போனிலாவது, எங்கிருந்தாவது பயன்படுத்தியிருந்தாலும் அவர் பயனாளர்தான்.

சரி, சிக்னல் இருந்தும் இவர்கள் ஏன் இணையத்துக்குள் வரவில்லை? வீட்டுக்கு ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், மகள் இரவு ஒன்பது மணிக்குமேல்தான் பாடம் பார்க்கிறாள், அதுவும் சார்ஜ் மிச்சமிருந்தால். ஆண்களில் 70 சதவீதம் பேர், பெண்களில் 65 சதவீதம் பேர் இணையத்தைப் பயன்படுத்தினார்கள் என்று அதே கணக்கு சொல்வதற்குப் பின்னால் இப்படி எத்தனையோ வீடுகள். அப்புறம் செலவு. அடிப்படை இணையச் செலவு தனிநபர் சராசரி மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.நா. அகலக்கற்றை (பிராட்பேண்ட்) ஆணையம் 2025-க்கு இலக்கு வைத்தது. சராசரி வருமானக்காரருக்கு அது சின்னத் தொகை, அந்தச் சராசரியில் கால் பங்குகூடச் சம்பாதிக்காதவருக்கு அது சாப்பாட்டுக் காசு.

உடனே செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல விஷயம்தான். 35,786 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து வந்தபோது அரை நொடிக்குமேல் தாமதித்த பதில், இப்போது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து சட்டென்று வருகிறது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிப்பவர் முன்னால் அவருக்குப் புரியாத மொழியில் ஒரு படிவம் திறந்தால் அதற்குச் செயற்கைக்கோள் என்ன செய்யும்?

அதனால் திட்டம் போடுபவர்களே, தயவுசெய்து திறப்பு விழாவன்று காலியான அறையில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து, சாயங்காலம், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள். மோடம் பாஸ்வேர்டை ஒரே ஆளிடம் விடாதீர்கள், இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். பிள்ளைகளுக்குத் தனி வைஃபை பெயர் வையுங்கள், அதை அவர்களிடம் சொல்லவும் செய்யுங்கள். பேட்டரிக்கும் பராமரிப்புக்கும் முதல் நாளே பணம் ஒதுக்குங்கள். கேபிள் அறுந்த பிறகு யார் செலவு என்று கூட்டம் போட்டால் அந்தக் கூட்டம் முடிவதற்குள் மக்கள் பழையபடி அலுவலக வரிசைக்கே போய்விடுவார்கள். காகிதப் படிவத்தை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவோ தாத்தாவோ போனை நீட்டி "இதைக் கொஞ்சம் பாரு" என்றால் பிடுங்கி நீங்களே முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அவர்கள் விரலே அழுத்தட்டும், தப்பான இடத்தில் அழுத்தினால் திரும்பி வர வழி காட்டுங்கள். நேரமாகும், பரவாயில்லை. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லக் கூடாது என்பதை அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.