மட்டிக்கும் அக்கம்பக்கம் வேண்டும்

ஃபிஜியில் வெராத்தா பகுதியில் உதுனிவனுவா என்று ஒரு கடலோர ஊர். கடல் வற்றியதும் பெண்கள் சேற்றில் இறங்கி 'கைகோசோ' என்னும் சிப்பி வகை மட்டியைக் கையால் துழாவி எடுப்பார்கள். வீட்டில் சமைக்கவும் அதுதான், விற்றுக் காசாக்கவும் அதுதான். 1990களில் மட்டி அரிதானது. 5 செ.மீ.க்கு மேல் ஒன்று கிடைத்தாலே அதிசயம்.

1997இல் ஊரார் கரையோரமாக 24 ஹெக்டேரை, அதாவது சுமார் 60 ஏக்கரை, முதலில் மூன்று ஆண்டுக்கு மூடினார்கள். இந்தத் தடைக்குத் 'தம்பு' என்று பெயர். புதிதாகக் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை. தலைவர் இறந்தால் கடலில் ஒரு பகுதியை 100 நாள் தொடாமல் விடுவது அங்கே பழைய வழக்கம். (ஆங்கிலத்தின் 'டாபூ'வும் இதன் உறவுதான், பக்கத்து டோங்காவிலிருந்து கப்பலேறிப் போன சொல்.)

சரி, கொஞ்சம் இடத்தை மூடினால் மட்டி எப்படிப் பெருகும்? மட்டியால் துணை தேடி ஓட முடியாது. ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரில் விட்டுவிடும். இரண்டும் அங்கேயே சந்திக்க வேண்டும். பத்தடிக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்தால் எல்லாம் கடலில் கரைந்து வீண். நெருங்கிக் கிடந்தால்தான் கரு பிடிக்கும். மட்டி அறவே தீர்வதற்கு வெகு முன்பே பெருக்கம் நின்றுபோவது இதனால்தான். மூடிய இடத்தில் நெருக்கம் கூடுகிறது, உருவமும் பெருக்கிறது. பெரிய மட்டி முட்டையை அள்ளி வீசும். பொரிந்த குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து, மூடிய இடத்துக்கு வெளியேயும் போய்ச் சேற்றில் உட்காரும்.

இதை ஊர்க்காரர்களே எண்ணிப் பார்த்தார்கள். தெற்கு பசிபிக் பல்கலைக்கழகத்தினர் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். கரையிலிருந்து 500 மீட்டருக்குக் கோடு. பத்து மீட்டருக்கு ஒரு சதுர மீட்டர் சட்டம். அதற்குள் கிடைக்கும் ஒவ்வொரு மட்டியையும் அளந்து எழுத வேண்டும். 2004 வாக்கில் மட்டி, 1997இல் இருந்ததைப் போல் உள்ளே சுமார் 13 மடங்கு, பக்கத்தில் எடுக்க அனுமதித்த இடத்தில் சுமார் 5 மடங்கு! என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது எண்தான் முக்கியம். வெளியே கூடை நிறையாவிட்டால் எந்தத் தடையும் நிலைக்காது.

காவலுக்கு ஆள் எங்கே? கடலடி அரசுடையது என்றாலும், கரையோர மீன்பிடிப் பரப்பு இன்ன குலத்துக்கு என்று பதிவாகி இருக்கிறது. அத்துமீறுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரியும்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. தொலைதூரம் திரியும் மீனுக்கு 60 ஏக்கர் ஒரு பொருட்டே இல்லை. தடையைத் திறக்கும் நாளும் ஆபத்தானது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் ஆய்வாளர்கள் பார்த்தபோது, மூடிய பகுதி மீன்களுக்கு மனிதப் பயம் விட்டுப்போயிருந்தது. ஆள் வெகு அருகே வரும் வரை நகராமல் நின்றன. ஈட்டிக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?