பிலிமில் கசியும் வெளிச்சம் ஏன் சிவக்கிறது?

கேமராவின் பின்கதவு சரியாக மூடாவிட்டால், கலர் பிலிமைக் கழுவி வரும் படங்களின் ஓரத்தில் சிவப்பும் ஆரஞ்சுமாக ஒரு தீற்றல் விழுந்திருக்கும். உள்ளே புகுந்தது வெள்ளை வெயில். அது நீலமாகவோ பச்சையாகவோ விழாமல் எப்போதும் சிவப்புப் பக்கமே சாய்வது ஏன்? பிலிம் பிரியர்கள் வேண்டுமென்றே செய்து பார்க்கும் பல சோதனைகள் இந்தக் கேள்விக்கு உறவுக்காரர்கள்.

கலர் நெகட்டிவ் பிலிமில் லென்ஸைப் பார்த்தபடி மேலே இருப்பது நீல ஒளியை உணரும் அடுக்கு. அதற்குக் கீழே ஒரு மஞ்சள் வடிகட்டி. அப்புறம் பச்சையை உணரும் அடுக்கு, கடைசியாகச் சிவப்பை உணரும் அடுக்கு. இத்தனையும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான் கனம். எல்லாவற்றையும் தாங்குவது ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் பட்டை. இந்த அடுக்குகளில் ஒளியை உணர்வது வெள்ளி உப்புகள். அவை இயல்பிலேயே நீல ஒளிக்கு மசிபவை. பச்சையையும் சிவப்பையும் உணர வைக்க அவற்றில் சாயம் ஏற்ற வேண்டியிருக்கிறது. சாயம் ஏற்றினாலும் நீலத்தின் மீதுள்ள ஈர்ப்பு போவதில்லை. அதனால்தான் நடுவில் அந்த மஞ்சள் வடிகட்டி: நீல ஒளி அதைத் தாண்டிக் கீழே போகக் கூடாது.

பின்கதவு வழியாகக் கசியும் ஒளியோ பிளாஸ்டிக் பட்டையின் பக்கமிருந்து வருகிறது. அது முதலில் தொடுவது சிவப்பு அடுக்கை. கசிவு கொஞ்சமாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும், படத்தில் சிவப்புத் தீற்றல். இன்னும் வலுவாக இருந்தால் பச்சை அடுக்கும் விழித்துக்கொள்ளும், ஆரஞ்சும் மஞ்சளும் வரும். வெளிச்சம் வெள்ளமாகப் புகுந்தால்தான் மேலே உள்ள நீல அடுக்கும் எரிந்து படம் வெளுக்கும்.

இதையே தெரிந்து செய்தால் அதற்குப் பெயர் ரெட்ஸ்கேல். முழு இருட்டில் பிலிமைப் புரட்டி இன்னொரு காலி டப்பாவுக்குள் சுற்றிவிட்டால், பிளாஸ்டிக் பட்டை லென்ஸைப் பார்க்கும்படி அமைந்துவிடும். இப்போது காட்சி முழுவதும் ‘தவறான’ வழியில் வருகிறது. சிவப்பு அடுக்குக்கும் பச்சை அடுக்குக்கும் ஒளி கிடைக்கிறது, அவற்றுக்கு அப்பால் இருக்கும் நீல அடுக்கை மஞ்சள் வடிகட்டி பட்டினி போடுகிறது. வானம், மரம், மனிதர் எல்லாமே சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட நிறங்களில் வரும். ஐ.எஸ்.ஓ. (பிலிமின் ஒளியுணர்திறன் அளவு) 400 உள்ள பிலிமை 100 அல்லது 50 என்று வைத்து, அதாவது கூடுதல் வெளிச்சம் கொடுத்து, எடுப்பது நல்லது. ஒளி குறைந்தால் அடர்ந்த சிவப்பு, கூடினால் மஞ்சள். படம் இடம் வலமாக மாறியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெயர்ப்பலகை எழுத்துகள் திரும்பியிருந்தால் பிழை எதுவும் இல்லை, ஸ்கேன் செய்தபின் திருப்பிக்கொள்ளலாம்.

சினிஸ்டில் 800டி பிலிமில் இரவு விளக்குகளைச் சுற்றித் தெரியும் சிவப்பு வளையமும் இதே குடும்பம்தான். அது சினிமா பிலிமிலிருந்து செய்யப்படுவது. சினிமா பிலிமின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப் பூச்சு நெடுங்காலம் இருந்துவந்தது. எல்லா அடுக்குகளையும் துளைத்து வரும் பலமான ஒளியை விழுங்குவது அதன் வேலைகளில் ஒன்று. பூச்சை நீக்கிவிட்டதால் ஒளி பட்டையில் மோதித் திரும்புகிறது. திரும்பும் வழியில் முதலில் வருவது மறுபடியும் சிவப்பு அடுக்கு.

அடுக்குகளின் கதை இது. ஒரே ஒரு வெள்ளி உப்புப் படிகத்துக்குள் நடப்பது இதைவிடச் சுவையானது. ஒளித்துகள் ஒன்று படிகத்தில் விழும்போது ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அது படிகத்தின் ஏதோ ஒரு குறையுள்ள புள்ளியில் சிக்கிக்கொள்ள, அலைந்துகொண்டிருக்கும் வெள்ளி அயனி அங்கே வந்து சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. ரொனால்ட் கர்னியும் நெவில் மாட்டும் 1938இல் தந்த விளக்கம் இது. இப்படி ஒரே இடத்தில் சுமார் நான்கு அணுக்கள் சேர்ந்தால் போதும். டெவலப்பர் என்ற கழுவும் கரைசலில் போட்டதும் நூறு கோடிக்கு மேற்பட்ட அயனிகள் உள்ள அந்தப் படிகம் முழுவதும் கறுப்பு வெள்ளியாக மாறிவிடும். நான்கு அணு சேராத படிகம் அப்படியே கிடக்கும், ஃபிக்சர் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

ஒரே சட்டகத்தில் இரண்டு படம் எடுப்பது சாத்தியமாவது இதனால்தான். முதல் படத்தில் இருட்டாக இருந்த இடத்துப் படிகங்கள் இன்னும் கன்னி கழியாமல் காத்திருக்கின்றன. பிரகாசமான வானத்தின் முன்னால் ஒருவரை நிழலுருவாக எடுத்துவிட்டு, அதே சட்டகத்தில் இலைகளை எடுத்துப் பாருங்கள். வானம் இருந்த இடத்தில் மாற வேண்டிய படிகமெல்லாம் மாறியாயிற்று, இலைகளுக்கு அங்கே இடமில்லை. அவருடைய உருவத்துக்குள் மட்டும் இலைகள் முளைக்கும். இரண்டு சாதாரணக் காட்சிகளை ஏற்றுவதானால், ஒவ்வொன்றுக்கும் பாதி வெளிச்சம் போதும்.

மங்கலான வெளிச்சத்தில் கணக்கு வேறு. தனியாக இருக்கும் ஒரு வெள்ளி அணு நிலையற்றது, சில நொடிகளில் சிதைந்துவிடும். அடுத்த ஒளித்துகள் தாமதமாக வந்தால் முதல் உழைப்பு வீண். ஓட்டைப் பானையில் சொட்டுச் சொட்டாக நீர் ஊற்றுகிற நிலைமை. லென்ஸுக்குப் பதில் சிறு துளை மட்டுமே உள்ள ஊசித்துளைக் கேமராவில் ஒளிமானி சொல்லும் நேரத்தைவிடக் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டியிருப்பது இதனால்தான். நட்சத்திரப் படங்களை அளக்கும்போது இதைக் கணக்கிட்டு 1900இல் எழுதியவர் வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட். கருந்துளையின் ஆரத்துக்குப் பெயர் தந்தவரும் அவரேதான்.

டெவலப்பர் என்பது எலக்ட்ரானைக் கொடையளிக்கும் எந்தப் பொருளாகவும் இருக்கலாம். காபியாகவும் இருக்கலாம். ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்காட் வில்லியம்ஸும் அவர் மாணவர்களும் 1995இல் செய்து காட்டியது இது. உடனடிக் காபித்தூள், சலவை சோடா. பின்னாளில் வைட்டமின் சியும் சேர்ந்துகொண்டது. பலர் நினைப்பதுபோல வேலை செய்வது கஃபீன் அல்ல, காபியில் உள்ள கஃபீக் அமிலம் போன்ற ஃபீனால்கள். காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) இல்லாமல் அவற்றுக்கு வேகம் வராது, அதற்குத்தான் சோடா. கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு 20 டிகிரி செல்சியஸில் சுமார் 15 நிமிடம் பிடிக்கும். நாற்றம் சகிக்காது. ஆனால் நெகட்டிவின் மீது படியும் பழுப்புச் சாயலோடு வரும் அந்தப் படங்கள் நிஜமாகவே அழகானவை. ஃபிக்சருக்கு மட்டும் சமையலறையில் மாற்று தேட வேண்டாம்.

டெவலப் ஆகிக்கொண்டிருக்கும்போதே ஒரு நொடி விளக்கைப் போட்டால் என்ன ஆகும்? 1860களின் தொடக்கத்தில் அர்மான் சபத்தியே விவரித்த விளைவு இது. 1929 வாக்கில் பாரிஸில் புகைப்படக் கலைஞர்கள் மேன் ரேயும் லீ மில்லரும் இதைக் கலையாக்கினார்கள். இதுவரை மாறாத படிகங்கள் புதிய ஒளியில் மாறத் தொடங்குகின்றன. ஏற்கெனவே கறுத்த இடங்களோ தங்களுக்குக் கீழே இருப்பதை மறைத்துக்கொள்கின்றன. இரண்டும் சந்திக்கும் எல்லையில், படிகங்களிலிருந்து வெளியேறும் புரோமைடு டெவலப்பரின் வேகத்தை அடக்க, அங்கே மெல்லிய கோடு ஒன்று விழுகிறது. பென்சிலால் வரைந்ததுபோலத் தெரியும் அந்த விளிம்பு இப்படித்தான் வருகிறது.

பிலிமை எலுமிச்சைச் சாற்றிலும் சோப்பு நீரிலும் ஊறவைக்கும் ‘பிலிம் சூப்’ எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. ஜெலட்டின் உப்பிச் சுருங்குவதும் சாயங்கள் குலைவதும் வேடிக்கைதான், ஆனால் எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அதோடு, அப்படிப்பட்ட பிலிம் கழுவகத்தின் ரசாயனத்தைக் கெடுக்கும். சொல்லாமல் கொடுப்பது மற்றவர்களின் படங்களுக்குச் செய்யும் துரோகம்.

அதைவிட, டெவலப்பரே வேண்டாத ஒரு சோதனை உண்டு. ஊசித்துளை போட்ட தகர டப்பாவுக்குள் கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாளை வைத்து, மாதக்கணக்கில் வெயிலில் கட்டிவைப்பது. வெளிச்சம் மட்டுமே வெள்ளியைப் பிரித்தெடுத்துச் சூரியனின் பாதையை நாள்தோறும் ஒரு வளைகோடாக எழுதும். ரெஜினா வால்கன்பரோ ஹெர்ட்ஃபோர்ட்ஷர் பல்கலைக்கழக வானோக்ககத்தில் 2012இல் வைத்த டப்பா 2020இல்தான் கண்டெடுக்கப்பட்டது. எட்டு ஆண்டுச் சூரியன் ஒரே தாளில் பதிந்திருந்தது. இந்தத் தாளை டெவலப்பரில் போட்டால் முழுக்கக் கறுத்துவிடும், ஃபிக்சரில் போட்டால் வெளிறிவிடும். எடுத்த கையோடு ஸ்கேன் செய்துவிட வேண்டும். ஸ்கேனரின் விளக்கும் தாளைக் கொஞ்சம் கறுக்கவைக்கும் என்பதால் அமைப்புகளை முன்பே சரிபார்த்துக்கொண்டு, முதல் முறையிலேயே உயர்ந்த தரத்தில் எடுத்துவிடுவது நல்லது.