சீட்டு எடுத்த பிறகு வரும் 17 மாதங்கள்

குடும்ப நிதி ஆலோசகராக நான் அடிக்கடி சந்திக்கும் சச்சரவு ஒன்று உண்டு. ஒரே அலுவலகத்தில் 20 பேர் சேர்ந்து, மாதம் 5,000 ரூபாய் வீதம் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு கட்டுகிறார்கள். மூன்றாம் மாதம் சீட்டை எடுத்தவர், எட்டாம் மாதம் தவணையைத் தவற விடுகிறார். மற்றவர்கள் அவரை ஏமாற்றுக்காரர் என்கிறார்கள். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர்.

சீட்டு எடுக்கும் வரை, கைக்கு வரப்போகும் பெருந்தொகை தவணையைக் கட்ட வைக்கிறது. எடுத்த பின் மீதமுள்ள 17 தவணைகளுக்கும் துணை நிற்பது கொடுத்த வாக்கு மட்டுமே. சம்பளம் முதல் தேதியிலும் சீட்டுத் தேதி பத்திலும் இருந்தால், இடைப்பட்ட நாட்களில் அந்த 5,000 ரூபாய் கையிலேயே கிடந்து ஆசை காட்டுகிறது; "அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம் அந்த நேரத்தில் முழு உண்மையாகவே தோன்றுகிறது. ஆகவே மனவுறுதியைப் பற்றிப் பேசுவதற்கு முன், பணம் எந்த நாளில் எங்கே இருந்தது என்றுதான் நான் கேட்கிறேன்.

பிலிப்பைன்ஸின் மின்டானாவோ தீவில் ஒரு கிராமிய வங்கி, குறித்த தேதியோ தொகையோ எட்டும்வரை பணத்தை எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கை 710 வாடிக்கையாளர்களுக்கு வழங்க முன்வந்தபோது, கூடுதல் வட்டி இல்லாதபோதும் 202 பேர் அதை ஏற்றுக்கொண்டார்கள். "வீட்டில் வைத்தால் செலவாகிவிடும்" என்று சொல்லிச் சீட்டில் சேரும் நம் பெண்களும் தேடுவது அதே பூட்டைத்தான். ஆனால் சீட்டை எடுத்ததும் அந்தப் பூட்டு திறந்துவிடுகிறது. அதனால்தான், எடுத்த தொகையிலிருந்து மூன்று தவணைக்கான பணத்தை அன்றே தனிக் கணக்கில் போடவும், சம்பள நாளிலேயே தவணை தானாகச் செல்ல வங்கியில் எழுதிக் கொடுக்கவும் நான் வற்புறுத்துகிறேன்.

சீட்டு நடத்துபவரும் மனிதரே; பிறர் பணம் கைவசம் இருக்கும்போது அவருக்கும் சபலம் வரும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் முன் அனுமதியும் பதிவும் பிணையும் கேட்பது இதற்காகவே. தெரிந்தவர் என்பதற்காகப் பதிவில்லாத சீட்டில் சேராதீர்கள்.

ஆலோசனைக்கு வந்த ஒரு குழுவினர், எல்லோரும் கூடிப் பேசிச் சீட்டுத் தேதியைப் பத்திலிருந்து இரண்டாம் தேதிக்கு மாற்றினார்கள். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த இருவரும் அந்தக் கூட்டத்தில் அருகருகே அமர்ந்திருந்தார்கள்.